நான் போட்டுக் கொடுத்த அட்டவணை

பிற்பகல் மணி ஒன்று நாற்பத்திரண்டு. அந்த நிமிடம்வரை எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததாகவே நினைத்தேன். என் அட்டவணைப்படி அந்நேரம் என் மகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், அவளுடைய கல்லூரி இருந்த கடைவரிசையின் முனையில் மினி பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும். மினி பஸ் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். அவள் இல்லை.

நான் கல்லூரிப் படிக்கட்டின் கீழே நின்றிருந்தேன். ஒரு கையில் அவளுக்கான சாப்பாட்டுப் பாத்திரம். மறு கையில் ஓர் உறை. அதில் இரண்டு பேனா, ஒரு கால்குலேட்டர், தேர்வு நுழைவுச் சீட்டு. சீட்டை அவள் தொலைத்துவிடுவாள் என்று நானே வாங்கி வைத்திருந்தேன். இருபத்தோரு வயதுப் பெண்ணிடம் ஒரு துண்டுச் சீட்டைக்கூட நம்பிக் கொடுக்காத புத்திசாலி நான்.

தேர்வு இரண்டரை மணிக்கு. தாமதமாக வருகிறவர்களுக்கு மூன்று மணிவரை கதவு திறந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தாள் இல்லை. கணக்கியல் டிப்ளோமாவில் அந்த ஒரு தாளில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். இரண்டாம் முறை எழுதாவிட்டாலோ, எழுதித் தோற்றாலோ, கல்லூரி அவள் பெயரை எடுத்துவிடும். மூன்றாம் முறை என்று ஒன்று அங்கே கிடையாது. ஒன்றரை வருஷப் படிப்பு அந்த மூன்று மணிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படியெல்லாம் ஆகக்கூடாது என்றுதான் அட்டவணை போட்டேன். அட்டவணை போடுவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு, அல்லது உண்டென்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஒவ்வொரு டிசம்பரிலும் பள்ளிக்கூடத்து நேர அட்டவணையை நான்தான் போடுவேன். பதினெட்டு ஆசிரியர், பன்னிரண்டு வகுப்பு, ஒரே ஒரு திடல். இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் திடலுக்குப் போய் முட்டிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. தலைமையாசிரியர் அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டுவார். இதைவிடப் பெரிய கர்வத்துக்கு ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்?

மகள் ஆறாம் படிவம் முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் மாதமே, எங்களைக் கேட்காமல், கிள்ளானில் ஒரு பேரங்காடியில் காசாளராகப் பகுதிநேர வேலைக்கும் போனாள். வாரத்துக்கு முப்பது மணி நேரம். பகுதிநேரம் என்று அதற்குப் பெயர். முதல் தேர்வில் அந்தத் தாள் போயிற்று. அப்போது கல்லூரியில் எங்களை அழைத்துப் பேசினார்கள். மாணவர் ஆலோசகர் என்று ஓர் அம்மாள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். நேரத்தை நிர்வகிக்க வேண்டும், வேலைக்கும் படிப்புக்கும் சமநிலை வேண்டும், போதிய தூக்கம் வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஒரு படம். நான் அதைப் படித்துவிட்டு மனதுக்குள் சிரித்தேன். இவர்களுக்கு என்ன தெரியும், நான் போடுகிறேன் பார் என்று நினைத்தேன். இன்று யோசித்தால் அந்தத் துண்டுப் பிரசுரம் என்னைவிடக் குறைவான கெடுதல்தான் செய்தது.

ஐந்து நிறப் பென்சில் வாங்கினேன். பச்சை படிப்பு, சிவப்பு வேலை, நீலம் ரயில், மஞ்சள் தூக்கம், ஊதா மற்றவை. மற்றவை என்பதில் சாப்பாடு, கோயில், தோழிகள், துணி துவைப்பது எல்லாம் அடங்கும். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை பச்சை. அந்த நேரத்தில் அவள் மேசை விளக்கின் கீழ் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். நான் சமையலறையிலிருந்து பார்த்து, படிக்கிறாள் என்று திருப்திப்படுவேன். வேலை நேரத்தைப் பதினெட்டு மணி நேரமாகக் குறைக்க வைத்தேன். அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

என் கணவர் போர்ட் கிள்ளானில் சரக்குக் கிடங்கில் இருபது வருஷமாக ஷிப்ட் வேலை பார்க்கிறவர். தண்ணீர் எடுக்க வந்தவர் கதவைத் திறக்காமல் நின்று அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இந்த வாரத்துல யாருக்கும் வயித்து வலி வராதா?” என்றார்.

படிக்காத பேச்சு என்று நினைத்தேன். ஷிப்ட் வேலையைப் பற்றி அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

துவைக்கப் போட்ட அவளுடைய வேலைச் சட்டையின் பையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ரசீது ரோல் துண்டுகள் கிடைக்கும். காசுப் பெட்டியிலிருந்து ரசீது அடிக்கும் நீளக் காகிதத்தின் மிச்சம். சுருட்டிச் சுருட்டி வைத்திருப்பாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்கியிருக்கும். சாமான் கணக்கு என்று நினைத்து, குப்பையில் போடுவேன். சட்டைப் பையைக் காலி செய்து போடத் தெரியாதா என்று திட்டவும் செய்தேன். அவள் குப்பைக் கூடைக்குள் எட்டிப் பார்ப்பாள். அதையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை.

தீபாவளி வந்தது. அவளுக்கு முந்தின நாளும் தீபாவளி அன்றும் வேலை விழுந்திருந்தது. இந்த நாட்டில் ஷிப்ட் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் இருக்கிறது. நம் பெருநாளுக்குச் சீனரும் மலாய்க்காரரும் நம் ஷிப்டை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் பெருநாளுக்கு நாம் அவர்களுடையதை எடுப்போம். யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் ஏமாற்றுவதுமில்லை. கிடங்கிலும் அப்படித்தான், மருத்துவமனையிலும் அப்படித்தான். மகளும் அப்படியே பேசி முடித்திருந்தாள். முந்தின நாளை ஒரு சீன அக்கா எடுத்துக்கொள்கிறார், தீபாவளியன்று ஒரு மலாய் அக்கா. இருவரும் அவளுக்குப் பக்கத்துக் கவுண்டர்களில் இருப்பவர்கள்.

வாய்ப்பேச்சாகவா என்று கேட்டேன். ஆமாம்மா, எல்லாரும் அப்படித்தான் என்றாள்.

எல்லோரும் செய்கிற மாதிரிச் செய்தால் நான் எதற்கு இருக்கிறேன்? முறுக்கு டப்பா இரண்டு எடுத்துக்கொண்டு பேரங்காடியின் பின்வாசலுக்குப் போனேன். அந்தச் சீனப் பெண்மணிக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவராம். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் நம்மைப் போலவே பேசினார். நான் வெள்ளைத்தாளை எடுத்ததும் அவருக்குப் புரியவில்லை.

“எதுக்கு டீச்சரம்மா எழுதிக்கிட்டு? உங்க பொண்ணு சொல்லிருச்சுல்ல. போதும் லா.”

வாயால் சொல்வது காற்றில் போய்விடும் என்று நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். நல்ல மலாய் மொழியில், எல்லோரும் படிக்கும்படி எழுதினேன். உங்கள் இருவருடைய பெருநாளுக்கும் முந்தின கடைசி வேலை நாளில், என் மகள் உங்களுக்குப் பதிலாக உங்கள் ஷிப்டை முழுமையாகச் செய்வாள். கீழே கையெழுத்து. கையெழுத்தின் மேல், கைப்பையில் கொண்டு போயிருந்த பள்ளிக்கூடத்து முத்திரைச் சாப்பை எடுத்துக் குத்தினேன். சாப் இல்லாத காகிதத்துக்கு என்ன மரியாதை? மலாய் அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிப் படித்தார். அவர்களுடைய சூப்பர்வைசர், முப்பது வயதுத் தமிழ்ப் பையன், அதைப் பணியாளர் அறைச் சுவரில் ஒட்டினான். ஒட்டும்போது அவன் முகத்தில் இருந்ததை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. சீனப் பெருநாள் வெள்ளி, சனி. நோன்புப் பெருநாள் ஞாயிறு. தேர்வு வியாழக்கிழமை பிற்பகல். கேள்வித்தாள் எந்த நாட்டிலிருந்தோ வருகிறது. அங்கே உட்கார்ந்து நாள் குறிக்கிறவருக்குக் கிள்ளானில் யார் வீட்டில் வாத்து சமைக்கிறார்கள் என்பது பற்றிக் கவலை இல்லை.

நான் புதிய தாள் எடுத்து வாரத்தைப் போட்டேன். சீன அக்காவின் காலை ஷிப்ட், வியாழன் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, சிவப்பு. பன்னிரண்டு இருபதுக்கு ரயில், நீலம். ஒன்று நாற்பத்திரண்டுக்குக் கல்லூரி வாசல். அங்கே அம்மா பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டுச் சாப்பாட்டோடு நிற்பாள், ஊதா. இரண்டரைக்குத் தேர்வு. மலாய் அக்காவின் ஷிப்டுக்கு, நோன்புப் பெருநாள் ஞாயிறு என்பதால் கடைசி வேலை நாள் சனி என்று கணக்கிட்டேன். சனிக்கிழமையைச் சிவப்பாக்கினேன். தேர்வு முடிந்த பிறகுதானே, நல்லதாய்ப் போயிற்று என்று மகிழ்ந்தேன்.

பேரங்காடியின் முதலாளி சீனர். சீனப் பெருநாளுக்கு வெள்ளியும் சனியும் கடை சாத்தியிருக்கும். கிள்ளானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், எனக்குத்தான் அன்று தோன்றவில்லை. ஆக, நோன்புப் பெருநாளுக்கும் கடைசி வேலை நாள் வியாழன்தான். காலை சீன அக்காவின் ஷிப்ட், பன்னிரண்டிலிருந்து கடை சாத்துகிற ஆறு மணிவரை மலாய் அக்காவின் ஷிப்ட். இரண்டும் ஒரே நாளில், ஒரே பெண்ணின் தலையில். எழுதிக் கொடுத்தது நான். சாப் குத்தியது நான். அந்த மலாய் அக்கா கணவர் பிள்ளைகளோடு கிழக்குக் கரையில் ஊருக்குப் போக, வியாழன் காலையிலேயே விரைவுப் பேருந்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். காகிதம்தான் சுவரில் இருக்கிறதே.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் என்னிடம் வந்தாள். நான் சிவப்பு மையோடு மாணவர் கட்டுரைகளின் மேல் குனிந்திருந்தேன்.

“மா, வியாழக்கிழம ஷிப்டுல ஒரு பிரச்சின மா.”

அட்டவணையில் எல்லாம் இருக்கிறது, அதில் கை வைக்காதே, போய்ப் படி என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் குளிர்பெட்டியின் முன்னால் போய் நின்றாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் என்ன பிரச்சினை என்று கேட்டிருப்பாள். ஆனால் வேறு எந்தத் தாயும் ஐந்து நிறத்தில் பதில் வைத்திருக்கவில்லை.

ஒன்று நாற்பத்திரண்டு கடந்து ஐந்து நிமிடம் பொறுத்தேன். மினி பஸ் நெரிசல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸிலும் அவள் இல்லை. கல்லூரிப் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜாகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலைக் காப்பதுதான் அவர் வேலை என்றாலும் அன்று அவர் காத்தது என்னைத்தான்.

“என்னக்கா, பொண்ணு வரலியா?”

வந்துவிடுவாள் என்றேன்.

“வேலைக்குப் போற பொண்ணா? அதான். போன வருசம் ஒரு பையன் மூணு மணி அஞ்சு நிமிசத்துக்கு வந்து இதே படியில உக்காந்து அழுதான். நான் என்னா செய்ய முடியும்? சாவி மேல இருக்கு லா, எங்கிட்ட இல்ல.”

நான் அவரிடம் சாவி கேட்கவில்லை. ஆறுதலும் கேட்கவில்லை. முனையில் இருந்த பொதுத் தொலைபேசிக்குப் போனேன். என்னிடம் நான்கு இருபது காசு இருந்தது. கிள்ளானுக்கு அழைத்தால் அது எத்தனை நிமிடம் வரும் என்பது தெரியாது. அட்டவணையில் தொலைபேசிக்கு நிறம் ஒதுக்கவில்லை.

எடுத்தது அந்தச் சூப்பர்வைசர். பின்னால் காசுப் பெட்டிகளின் சத்தமும், கூட்டத்தின் இரைச்சலும், ஒலிபெருக்கியில் பெருநாள் பாட்டும் கேட்டன. நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, என் மகள் பன்னிரண்டு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டேன். வகுப்பில் பிந்தி வருகிற பையனைக் கேட்கிற குரல்.

“டீச்சரா? பொண்ணு நாலாம் நம்பர் கவுண்டர்ல இருக்கு. லைன் மீன் பகுதி வரைக்கும் நிக்குது.”

தேர்வு இருக்கிறது, உடனே அனுப்பு என்றேன். படித்த பிள்ளைகளின் கஷ்டம் உங்களுக்கெல்லாம் தெரியாது என்றும் சொன்னேன். அவன் மூன்றாம் படிவத்தோடு நின்றவன் என்று மகள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதை நான் மறக்காமல் வைத்திருந்தேன், இந்த நேரத்துக்காகவே வைத்திருந்ததுபோல.

ஓர் இருபது காசு உள்ளே விழுந்தது.

“டீச்சர், உங்க பேப்பர் இங்கத்தான் செவுத்துல இருக்கு. தமிழ்ல படிச்சுக் காட்டவா? ‘என் மகள் உங்களுக்குப் பதிலாக முழுமையாகச் செய்வாள்.’ முழுமையாகன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அதுக்குக் கீழ கோடு வேற போட்டிருக்கீங்க. காலைல ஒருத்தங்களுக்கு, மத்தியானம் ஒருத்தங்களுக்கு. நான் எழுதச் சொல்லல. ஸ்கூல் சாப் வேற.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடை சாத்தியிருக்கும் சனிக்கிழமை, நான் சிவப்பு பூசிய சனிக்கிழமை, கண்முன் வந்தது. இன்னொரு காசு விழுந்தது.

“பொண்ணு காலையில எங்கிட்ட வந்து கேட்டுச்சு. அம்மா எழுதிக் குடுத்துட்டாங்க, பன்னெண்டு மணிக்கு யாராச்சும் கிடைப்பாங்களான்னு. இன்னிக்கு யாரு கிடைப்பாங்க? அது அழல டீச்சர். திரும்பப் போய் உக்காந்துக்கிச்சு.”

நான் தப்பு என்மேல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தயவு செய்து என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை நான் எத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையோ, அது வர நேரம் எடுத்தது. ‘தயவு’ போயிற்று. ‘செய்து’ என்பதற்குள் கடைசிக் காசு முடிந்து தொடர்பு அறுந்துவிட்டது.

பக்கத்து உணவுக்கடையில் ஒரு வெள்ளி நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டேன். எதுவும் வாங்காமல் சில்லறை தரமாட்டேன் என்றான் கடைக்காரன். ஒரு தேநீர் சொல்லி, அதைக் குடிக்காமல் சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணி இரண்டு ஐந்து. மறுபடி அழைத்தேன். லைன் பிஸி. வைத்தேன், அழைத்தேன், பிஸி. ஏழு முறை. எட்டாவது முறை காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவனை மனதுக்குள் திட்டினேன். டெலிபோனைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டான், படிப்பில்லாதவன் புத்தி இப்படித்தான் போகும் என்று. ஒரு பார்வையற்றவர் வெள்ளைக்கோலோடு என் பின்னால் வரிசையில் நின்றிருந்தார். என் மூச்சைக் கேட்டோ என்னவோ, நீங்களே பேசுங்கம்மா, எனக்கு அவசரமில்லை என்றார். யாரோடு பேசுவது?

கணவரைக் கிடங்கில் அழைக்கலாமா என்று யோசித்தேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல என்பார். சத்தம் போடாமல் சொல்வார், அதுதான் தாங்காது. அழைக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு என் முகம் முக்கியமாக இருந்திருக்கிறது.

ரயிலில் திரும்பிப் போகலாம் என்றால், நான் கிள்ளான் போய்ச் சேரும்போதே கதவு மூடியிருக்கும். நுழைவுச் சீட்டோ என் கையில். அவள் எப்படியாவது வந்துவிட்டால், சீட்டோடு நான் இங்கே இருக்க வேண்டும். ஆகவே நின்றேன். சீட்டை அவளிடமே கொடுத்திருந்தால் நானும் எங்கேயாவது ஓடியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை. இரண்டரைக்கு மாடியில் மணி அடித்தது. பிந்தி வந்த இரண்டு மாணவர்கள் படியேறி ஓடினார்கள். மேலே நாற்காலிகள் இழுபடும் ஓசை நின்றது. சாப்பாட்டுப் பாத்திரம் கனத்தது. ஜாகா தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

நின்றுகொண்டே, நான் சாப் குத்திக் கொடுத்த அந்தத் தாளை மனதில் திருப்பித் திருப்பிப் படித்தேன். பதினெட்டு ஆசிரியரையும் பன்னிரண்டு வகுப்பையும் நான் முட்டவிடாமல் வைத்திருந்ததன் ரகசியம் அன்றுதான் தெரிந்தது. அது திறமை இல்லை. அங்கே யாரும் என்னை எதிர்த்துப் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான். முட்டிக்கொண்டால் ஆசிரியர்களே தங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டு, என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சட்டம் போட்டு மாட்டிய தாளுக்குக் கீழே பள்ளிக்கூடம் வாய்ப்பேச்சில் ஓடியிருக்கிறது. மகளும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். குறுக்கே சாப்போடு போய் நின்றவள் நான்.

இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தைந்து. தெருவில் வாகனங்கள் எல்லாம் நகரத்தை விட்டு வெளியே போகிற திசையிலேயே நெருக்கியடித்தன. கோலாலம்பூர் முழுதும் பெருநாளுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே வருகிற பக்கம் காலியாகக் கிடந்தது. ஜாகா எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னிடம் பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று அப்போது கவனித்தேன். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அந்தக் காலியான பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார்சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. பின்னால் பேரங்காடியின் சிவப்புச் சட்டையோடு என் மகள், தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டில். வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். நான் உறையை நீட்டினேன். வாங்கினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தையும் நீட்டினேன், என்ன அறிவோ. அதைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மா, அப்புறம் என்றாள். படியில் இரண்டிரண்டாகத் தாவிப் போனாள். சட்டைப் பையிலிருந்து ரசீது ரோல் ஒன்று விழுந்து, அவிழ்ந்து, மூன்று படி கீழே உருண்டு வந்தது. ஜாகா அவளுக்கு முன்னால் ஓடிக் கதவைப் பிடித்துக்கொண்டார். மேலே கதவு திறந்து மூடியது.

நான் அந்த ரோலை எடுத்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் சூத்திரங்கள். தேய்மானம், இருப்பு மதிப்பு, சமன்பாடு. ஒரு கை நீளத்துக்கு. இதைத்தான் நான் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குப்பையில் போட்டிருக்கிறேன்.

சீன அக்கா வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். விரல்களில் மஞ்சளும் எண்ணெயும். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் பாதையில் கிள்ளானிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அவர் வீட்டில் அன்று ராத்திரிக்குக் குடும்பம் முழுதும் கூடிச் சாப்பிடுகிற விருந்து, ஆண்டுக்கு ஒருமுறை. நான் நன்றி சொன்னேனா என்பது ஞாபகமில்லை. கவுண்டரில் யார் என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

“சூப்பர்வைசர்தான் உக்காந்திருக்கான். காசு எண்ணத் தெரியல, கஸ்டமர் எல்லாம் திட்டுறாங்க. நீங்க பேசி முடிச்சதும் என் வூட்டுக்குப் போன் அடிச்சான். லைன் கெடைக்கல, அப்புறம் பக்கத்து வூட்டுக்கு, அப்புறம் இன்னொரு வூட்டுக்கு. அடிச்சுக்கிட்டே இருந்திருக்கான்.”

பிஸியாக இருந்த லைன் அதுதான். நான் திட்டிக்கொண்டிருந்த ஏழு முறையும்.

அவர் ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். விரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மடிப்புக்கு வெளியே பாதிச் சாப் தெரிந்தது. சுவரிலிருந்து கிழித்திருக்கிறார்கள், மூலையில் ஒட்டுநாடாவோடு சுண்ணாம்பும் வந்திருந்தது. அக்கா, நான் எழுதிக் கொடுத்தது தப்பாகிவிட்டது, நீங்கள் உங்கள் வாக்குக்கு மேலேயே செய்துவிட்டீர்கள் என்று ஏதோ பேச ஆரம்பித்தேன். அவர் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி வண்டியில் மாட்டினார்.

“பேப்பருக்காக நான் வரல டீச்சரம்மா,” என்றார். “உங்க பொண்ணு தெனமும் என் பக்கத்து கவுண்டர்ல உக்காந்து, கஸ்டமர் இல்லாதப்ப அந்த ரோலப் பாத்துப் பாத்துப் படிக்குது. நான் பாக்குறேன்ல.”